நார்வே என்று எழுதினால் 'இல்லை' என்று படிக்கும் கம்ப்யூட்டர்... செட்டிங்ஸ் ஃபைலில் நடக்கும் குழப்பம் என்ன?

ஒரு ஆப் எந்தெந்த நாடுகளில் இயங்க வேண்டும் என்று அதன் செட்டிங்ஸ் ஃபைலில் பட்டியல் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்வீடனுக்கு 'எஸ்இ', டென்மார்க்குக்கு 'டிகே', நார்வேக்கு 'என்ஓ'. எல்லாமே ஐஎஸ்ஓ தந்த இரண்டெழுத்துக் குறியீடுகள்தான். ஆனால் கம்ப்யூட்டர் படித்து முடித்ததும் நார்வேயை மட்டும் காணோம்! அந்த இடத்தில் 'இல்லை' என்ற பதில் நிற்கிறது.

டெக் உலகில் இதற்குப் பெயரே 'நார்வே பிராப்ளம்'. ஏன் இப்படி?

பூலியன் என்றால் என்ன?

ஆம் அல்லது இல்லை, இந்த இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும் மதிப்புதான் பூலியன். 19ஆம் நூற்றாண்டு கணித அறிஞர் ஜார்ஜ் பூல் நினைவாக வந்த பெயர் இது. நம்ம போனில் 'டார்க் மோட்' ஆன், ஆஃப் செய்கிறோமே, அதுவும் பூலியன்தான்.

நார்வே மாட்டிக்கொண்டது எப்படி?

செட்டிங்ஸ் எழுத அதிகம் பயன்படும் வடிவங்களில் ஒன்று 'யாமல்'. 2005ல் வந்த அதன் 1.1 பதிப்பு, 'ட்ரூ', 'ஃபால்ஸ்' தவிர 'யெஸ்', 'நோ', 'ஆன்', 'ஆஃப்' ஆகியவற்றையும் பூலியனாக ஏற்றது. மனிதர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் 'என்', 'ஓ' இரண்டையும் சேர்த்துப் படித்தால் 'நோ' ஆகிவிடுகிறதே!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் குறியீடு 'ஓஎன்'. அது 'ஆன்' ஆகிவிடும்.

2009ல் வந்த 1.2 பதிப்பு, வழக்கமான விதிகளில் 'ட்ரூ', 'ஃபால்ஸ்' மட்டும் போதும் என்று மாற்றியது. ஆனாலும் பைதான் மொழியில் பலர் பயன்படுத்தும் 'பையாமல்' போன்ற கருவிகள் இன்னும் பழைய விதியில்தான் இயங்குகின்றன.

இதனால் என்ன ஆபத்து?

நாட்டின் பெயர் மாறுவதோடு போவதில்லை. வெப்சைட் உருவாக்க உதவும் 'ஜாங்கோ'வில் 'டீபக்' என்று ஒரு செட்டிங் உண்டு. மக்கள் பயன்பாட்டுக்கு வந்த தளத்தில் அது கண்டிப்பாக ஆஃபில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிழை வரும்போது தளத்தின் உள் விவரங்கள் வெளியாட்களுக்குத் தெரியும்.

இந்த மதிப்பைச் சர்வரின் சூழல் மாறியில் 'ஃபால்ஸ்' என்று எழுதி வைத்தால், பைதானுக்கு அது வெறும் எழுத்துச் சரமாகவே வரும். காலியாக இல்லாத எந்தச் சரமும் பைதானுக்கு 'ஆம்'தான். ஆஃப் என்று நினைத்தது ஆனில் இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது!

தீர்வு என்ன?

* நாட்டுக் குறியீடு போன்றவற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அப்போது யாமல் அதைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும்.

* பூலியனுக்கு 'ட்ரூ', 'ஃபால்ஸ்' இரண்டை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

* சூழல் மாறியில் வரும் சொல்லை அப்படியே நம்பாமல், என்ன சொல் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

* மென்பொருள் உருவாக்குபவர்கள் தங்கள் கையேட்டில் மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்தெந்தச் சொற்கள் ஏற்கப்படும்? காலியாக விட்டால் என்ன அர்த்தம்? தெரியாத சொல் வந்தால் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்விக்குச் சரியான பதில், பிழை காட்டி நிற்பதுதான். தானாக ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு மென்பொருள் ஓடினால், தவறு எங்கே என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.