இறங்கும் விமானமும் பிரயாணியின் அவசரமும்

அடையாற்றிலும் கிண்டியிலும் வசிப்பவர்களுக்கு ஆகாய விமானம் அதிசய வஸ்துவன்று. மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்களை அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. எனினும் ஆகாயப் பிரயாணத்தில் மிக்க ஜாக்கிரதை வேண்டிய கட்டம் அந்தக் கடைசிச் சில நிமிஷங்களேயாகும். இதற்குச் சென்னைவாசிகள் மறக்கலாகாத சாட்சி ஒன்று உண்டு.

1973-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி இரவு, சென்னையிலிருந்து டில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் விமானம், பாலம் நிலையத்தை அணுகுகையில் மின்சாரக் கம்பிகளில் மோதி விழுந்தது. அதிலிருந்த 65 பேரில் 48 பேர் மாண்டனர். மத்திய எஃகு, சுரங்க மந்திரி ஸ்ரீ மோகன் குமாரமங்கலம் அவர்களுள் ஒருவர். அவர் சென்னை ராஜதானியின் முதன் மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயனின் புதல்வர். சென்னையில் அட்வகேட் ஜெனரலாகப் பணியாற்றியவர். கோயமுத்தூர் லோக் சபை அங்கத்தினர் ஸ்ரீ கே. பாலதண்டாயுதமும் அவ்விமானத்திலேயே உயிர் நீத்தார். அவருடைய ஸ்தானத்துக்கு 1974-ல் நடந்த உபதேர்தலில் வெற்றி பெற்றவர் ஸ்ரீமதி பார்வதி கிருஷ்ணன். அவர் குமாரமங்கலத்தின் சகோதரி. ஒரே விபத்து அந்தக் குடும்பத்தையும் அந்தத் தொகுதியையும் ஒருங்கே துக்கத்தில் ஆழ்த்தியது.

காரணம் யாது? அன்றிரவு டில்லியில் வானிலை கெட்டிருந்தது. ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாத நிலையிலும், அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே விமானம் இறங்கிவிட்டதென்பதே விசாரணையில் கண்ட முடிவு.

அந்த விதி மிக எளியது. சுற்றிலுமுள்ள குன்று, கோபுரம், கம்பி முதலியவற்றைக் கணக்கிட்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் உயரம் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த உயரத்தில் ஓடுபாதை தெரியாவிடில் விமானி உடனே மேலே கிளம்ப வேண்டும். மறுபடி முயலலாம், அல்லது வேறு ஊருக்குச் செல்லலாம். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவிகள் பிற்காலத்தில் வந்துள்ளன. ஆயினும் விதி மாறவில்லை. சாதனங்கள் குறைந்த சிறு நிலையங்களில், பிரமுகர்களை ஏற்றிவரும் சிறு விமானங்களுக்கு இது இன்னும் முக்கியமானது.

2024 நவம்பர் 30-ந் தேதி, ஃபெங்கல் புயலின்போது மும்பையிலிருந்து வந்த விமானம் ஒன்று சென்னை ஓடுபாதைவரை தாழ்ந்து, காற்றில் தத்தளித்து, மீண்டும் மேலெழுந்தது. அந்தக் காட்சியைப் படத்தில் கண்டு பலர் நடுங்கினர். விமானி செய்ததோ முற்றிலும் சரியான காரியம்.

மார்கழிக் கச்சேரிக்கு மயிலாப்பூர் வருபவரும், கலியாண ஜவுளி வாங்கத் தியாகராய நகர் வருபவரும், மழையால் தம் விமானம் பெங்களூருக்குத் திருப்பப்பட்டால் சினங்கொள்வது இயல்பே. கம்பெனிகளும் தாமதத்தால் நேரும் நஷ்டத்தைக் கணக்கிடக்கூடும். ஆனால் இறங்காமல் திரும்பிய விமானியை எவரும் குறை கூறலாகாது. பிரயாணி மந்திரியாயினும், அவருடைய அவசரம் விமானியின் செவிக்கு எட்டவே கூடாது. சில மணி நேரத் தாமதத்தை நாம் பொறுத்துக்கொள்ளலாம். போன உயிரை மீட்பதெங்ஙனம்?