ஒரே துடிப்பில் முழு இதயமும் படமாகிவிடும், தெரியுமா?

ஓயாமல் துடிக்கும் இதயத்தின்மேல் ஓடும் கரோனரி ரத்தக்குழாய்களின் பருமன் வெறும் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கத்தி வைக்காமல், தொடை வழியாகக் குழாய் விடாமல் சி.டி. ஸ்கேன் அவற்றின் உட்புறத்தைக் காட்டிவிடுகிறதே, எப்படி? ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ஒரு கணம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தைப் பிடிப்பதில்தான் இருக்கிறது அத்தனை வித்தையும்!

பழைய முறையில் துடிப்பு முழுக்க எக்ஸ்ரே பாயும். வேண்டிய கணத்துப் படங்களை ஈ.சி.ஜி.யோடு பொருத்திப் பிறகு பொறுக்கிக்கொள்வார்கள். அந்த முறை கோலோச்சிய 2007-ல் 50 மருத்துவ மையங்களில் அளந்தபோது, ஒருவர் வாங்கிய கதிர்வீச்சின் இடைநிலை அளவு 12 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஐந்து ஆண்டுகளில் நம் உடலில் சேர்வது அவ்வளவுதான்! 2017-ல் மறுபடி அளந்தார்கள். 78 சதவீதம் குறைந்திருந்தது!

முக்கியக் காரணங்களில் ஒன்று, ஈ.சி.ஜி.யைக் கவனித்து, இதயம் அமைதியாகும் கணத்தில் மட்டும் கதிரைத் திறந்து மூடும் முறை பரவியது. ஒரு துடிப்பில் ஒரு பகுதி, மேசை சற்று நகரும், அடுத்த பகுதி.

அதையும் மிஞ்சியவை உண்டு. 2007-ல் டோஷிபா 16 சென்டிமீட்டர் அகல உணரியோடு வந்தது. மேசை நகராமலே முழு இதயமும் அடங்கிவிடும். சீமென்ஸ், உடலைச் சுற்றிச் சுழலும் ஒரே வளையத்தில் இரண்டு எக்ஸ்ரே குழாய்களை வைத்தது. வளையம் கால் சுற்று சுற்றினால் போதும், ஒரு படம் தயார்! அதற்குப் பிடிக்கும் நேரம் முதலில் 83 மில்லிநொடி, பின்னர் 66. மேசையும் பாய்ந்து நகர்ந்தால் சுமார் கால் நொடியில் முழு இதயமும் படமாகிவிடும். கதிர்வீச்சு பலருக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கும் கீழே!

ஆனால் அந்த வேகத்துக்கு இதயம் நிதானமாக, ஒரே சீராகத் துடிக்க வேண்டும். அதனால்தான் துடிப்பைக் குறைக்க முன்கூட்டியே மெட்டோப்ரோலால் மருந்து. ரத்தக்குழாய்களை விரிக்க நாக்கின் கீழ் நைட்ரோகிளிசரின். குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் அயோடின் மருந்து சிரையில் ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவும். பயப்பட வேண்டாம், சில நொடிகளில் அடங்கிவிடும். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும், வால்வின் அசைவைப் பார்க்க வேண்டியவர்களுக்கும் பழைய முறை இன்றும் கைகொடுக்கிறது. புதிய முறைதான் எல்லோருக்கும் சிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள்!

இத்தனைக்கும் பலன்? ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது 3.9 சதவீதம் பேருக்கு. சி.டி.யும் எடுத்தவர்களில் 2.3 சதவீதம்தான்!