ஜிபிஏ குறைந்தால் அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க முடியாதா?



சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த நேரத்தில் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரர் அழைத்தார். எங்கள் ஊர்க்காரர், கடை வைத்திருக்கிறார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார். அவருடைய மகள் பயாலஜி பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். பல் மருத்துவராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆனால் ஜிபிஏ 2.8தான். முதல் வருடம் வேறொரு சிறிய கல்லூரியில் படித்தபோது இரண்டு பாடங்களில் எஃப் வாங்கியிருக்கிறாள். "அந்தக் கல்லூரியில் படித்ததையே விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டால் பொய் ஆகுமா ஹஜ்ரத்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

பொய்தான் என்றேன். ஆனால் அதோடு போனை வைக்க மனம் வரவில்லை. நானும் பி.ஏ. படித்தபோது அரியர் வைத்து எழுதியவன்தான். அதனால் எனக்குத் தெரிந்த இரண்டு பல் மருத்துவர்களிடம் விசாரித்தேன், விண்ணப்ப விதிகளையும் படித்தேன். அமெரிக்காவில் பிள்ளைகள் படிக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அங்கே முறை எப்படி?

நம் ஊரில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, பி.டி.எஸ். சேருகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் 4 வருடப் பட்டப்படிப்பை முடித்த பிறகே பல் மருத்துவக் கல்லூரி. அங்கே மேலும் 4 வருடம். நாடு முழுவதும் 70க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஒருசில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம் நடத்தும் 'ஆட்சாஸ்' என்ற பொது விண்ணப்பத்தின் வழியாகவே இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஜிபிஏ என்பது 4க்குக் கணக்கிடப்படும் சராசரி. ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2, எஃப் என்றால் 0. பல் மருத்துவக் கல்லூரிகளில் சேருகிறவர்களின் சராசரி பொதுவாக 3.5ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் கூட்டத்தில் 2.8 என்பது குறைவுதான். அதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் நன்மை இல்லை.

பழைய மதிப்பெண் அழியாது

பலரும் ஏமாறும் இடம் இது. எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்து ஏ வாங்கினால், பல பல்கலைக்கழகங்கள் பழையதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் எடுக்கும். ஆட்சாஸ் அப்படிச் செய்யாது. இரண்டு முறையும் கணக்கில் வரும். 0, 4 இரண்டின் சராசரி 2. அதனால் பிள்ளையின் கல்லூரி தரும் ஜிபிஏவைவிட ஆட்சாஸ் போடும் ஜிபிஏ குறைவாக இருக்கலாம். முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதுவரை படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண் சான்றையும் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு பாடம் படித்த கல்லூரியாக இருந்தாலும் சரிதான். விவரங்கள் உண்மை என்று விண்ணப்பதாரர் உறுதிமொழியும் தருகிறார். மறைத்தது பின்னர் தெரியவந்தால் கிடைத்த இடமே பறிபோகலாம். குறைந்த மதிப்பெண்ணை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகூட, மறைத்தவரைச் சேர்க்கத் தயங்கும். நாளை நோயாளியின் வாயில் கருவி வைக்கப் போகிறவரிடம் அவர்கள் முதலில் தேடுவது நம்பகத்தன்மையைத்தான். நாம் அமானத் என்று சொல்வதும் அதைத்தான்.

அப்படியானால் என்ன வழி?

பழையதற்குப் பிறகு என்ன செய்தார் என்று காட்டுவதுதான் வழி. ஒரு கணக்கைப் பாருங்கள். 120 கிரெடிட்டுக்கு 2.8 வைத்திருப்பவர் ஒரு வருடம் கூடுதலாக 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்குகிறார். மொத்த ஜிபிஏ எவ்வளவு ஆகும்? 3.04 மட்டும்தான். 'ஒரு வருட உழைப்புக்கு இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் அதே ஆவணத்தில் கடைசி 30 கிரெடிட்டும் முழு 4 என்று தெரியும். ஆட்சாஸ் ஒவ்வொரு கட்டத்தின் சராசரியையும் தனித்தனியாகக் காட்டுகிறது. ஏறுமுகமாக உள்ள பதிவைக் கவனித்துப் படிக்கும் கல்லூரிகள் உண்டு. அறிவியல் பாடங்களின் ஜிபிஏவும் தனியாகக் கணக்கிடப்படுகிறது. கூடுதல் பாடங்கள் அறிவியலாக இருந்தால் அந்த எண் இன்னும் வேகமாக ஏறும்.

இதற்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதலாவது, பட்டம் முடித்த பின் இளநிலை அளவிலேயே பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, அனாடமி, பிசியாலஜி போன்ற பாடங்களைப் படிப்பது. இது 'போஸ்ட் பேக்' எனப்படுகிறது. இந்த மதிப்பெண்கள் இளநிலை ஜிபிஏவில் சேரும். முடிந்தவரை 4 வருடப் பல்கலைக்கழகத்தில் படிப்பது நல்லது.

இரண்டாவது, மருத்துவ அறிவியலில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ மாஸ்டர்ஸ். சில பல் மருத்துவக் கல்லூரிகளே இதை நடத்துகின்றன. அங்கே நன்றாகச் செய்தால் அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களே சாட்சி சொல்வார்கள். ஆனால் இந்த மதிப்பெண் தனி வரியில்தான் வரும், இளநிலை ஜிபிஏவை உயர்த்தாது. கட்டணம் அதிகம். இதிலும் மதிப்பெண் சரிந்தால் கதவு ஏறத்தாழ மூடிவிடும். படிப்புப் பழக்கம் மாறிவிட்டது என்று உறுதியான பிறகே இதில் இறங்க வேண்டும்.

இவற்றோடு 'டாட்' என்ற நுழைவுத் தேர்வு. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், வடிவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் திறன், வாசிப்பு, கணிதம் ஆகியவை இதில் வரும். முன்பு 1 முதல் 30 வரை இருந்த மதிப்பெண் அளவு, 2025 மார்ச் முதல் 200 முதல் 600 வரை என்று மாறியிருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஜிபிஏ குறைந்தவருக்கு இந்தத் தேர்வு பெரிய துணை. கல்லூரிப் பாடத்தைத் தாங்குவாரா என்ற சந்தேகத்துக்கு இது ஒரு பதில். அவசரப்பட்டு எழுதக் கூடாது.

பல் மருத்துவர்களின் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவமும் தேவை. 100 மணி நேரம் எதிர்பார்க்கும் கல்லூரிகள் பல. விண்ணப்பம் கோடையின் தொடக்கத்தில் திறக்கும். பல கல்லூரிகள் வரவர பரிசீலிப்பதால் முதல் வாரங்களிலேயே அனுப்புவது நல்லது. 4,500 எழுத்துகளுக்குள் அடங்கும் சுயகட்டுரையில் சரிவின் காரணத்தை இரண்டு மூன்று வரிகளில் நேராகச் சொல்லிவிட்டு, பிறகு செய்ததை எழுத வேண்டும். யாரையும் குறைசொல்லி எழுதக் கூடாது.

இந்தியாவுக்கு அழைத்து வந்துவிடலாமா?

இதையும் பலர் கேட்கிறார்கள். என்ஆர்ஐ இடமாக இருந்தாலும் பி.டி.எஸ். சேர நீட் தேர்ச்சி கட்டாயம். அமெரிக்கப் பட்டம் அதற்கு ஈடாகாது. பயிற்சியோடு 5 வருடம் படித்துத் திரும்பினாலும், பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் பெற அங்குள்ள கல்லூரியில் மறுபடி இரண்டு, மூன்று வருடம் படிக்க வேண்டியிருக்கும். அந்த இடங்களுக்கும் போட்டி கடுமை. இது குறுக்குவழி அல்ல.

பணத்தைப் பற்றி முதலிலேயே பேசுங்கள்

கடன் வாங்கிப் படிப்பவர்கள் சராசரியாக 3 லட்சம் டாலர் அளவு கடனோடு வெளியே வருகிறார்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அரசு மாணவர் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. மீதிக்குத் தனியார் வங்கி என்றால் வட்டி இன்னும் பாரமாகும். வட்டியை விட்டு விலக நினைக்கும் குடும்பம், விண்ணப்பிக்கும் முன்பே மஷூரா செய்ய வேண்டும். கட்டணம் குறைந்த சொந்த மாநில அரசுக் கல்லூரியை முதலில் பாருங்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு தேசியச் சுகாதார சேவைப் படையின் உதவித்தொகை இருக்கிறது. கட்டணத்தை அவர்கள் செலுத்துவார்கள். படித்து முடித்ததும் மருத்துவர்கள் குறைவாக உள்ள பகுதியில் குறைந்தது 2 வருடம் பணியாற்ற வேண்டும். ஏழைகளுக்கு வைத்தியம் செய்துகொண்டே கடனில்லாமல் வாழ்க்கையைத் தொடங்கலாம். ஆனால் அதற்கும் போட்டி அதிகம் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

அந்தச் சகோதரரிடம் சொன்னது

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு அவரிடம் ஒன்று கேட்டேன்: "முதல் வருடம் ஏன் அப்படி ஆனது?" சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப கடையில ஆள் இல்ல ஹஜ்ரத். ராத்திரி ஷிப்டை மகதான் பாத்துக்கிட்டா" என்றார். மதிப்பெண் வந்தபோது மகளைத் திட்டியதையும் அவரே சொன்னார்.

அந்த எஃப் இரண்டையும் மறைக்க வேண்டியதில்லை, நடந்ததை நேராக எழுதலாம் என்றேன். ஆனால் அதற்கு முன் வாப்பாவாக நீங்கள் மகளிடம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். இப்போது அவள் போஸ்ட் பேக் படிக்கிறாள். கடைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார். முதல் பருவத்தில் நான்கு பாடங்களில் மூன்றில் ஏ, ஒன்றில் பி. இடம் கிடைக்குமா என்பது அல்லாஹ்வின் நாட்டம்.

பெற்றோர்களே, பிள்ளையின் மதிப்பெண் சரிந்திருந்தால், 'ஊரில் என்ன சொல்வார்கள்' என்பதை ஓரமாக வையுங்கள். ஏன் சரிந்தது என்று கேளுங்கள். அந்தக் காரணம் வீட்டுக்குள் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஒன்றிரண்டு வருடம் கூடுதலாகத் தாங்க குடும்பத்தால் முடியுமா என்று கணக்குப் பாருங்கள். முடியாது என்றால் அதையும் பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள். டென்டல் ஹைஜீன், பொதுச் சுகாதாரம், ஆய்வகப் பணி என்று கண்ணியமான வேறு வழிகளும் இருக்கின்றன.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்க்கையும் தருவானாக. ஆமீன்.