மொறுமொறுப்பா, மென்மையா? ஓட்ஸ் பிஸ்கட்டின் பதம்

அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கத் தெரிந்த வீட்டில் ஓட்ஸ் பிஸ்கட் சுடுவது பெரிய வித்தை இல்லை. ஆனாலும், வானொலியில் சமையல் பற்றிப் பேச்செடுத்தால் நேயர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். “காலையில் மொறுமொறுவென்று இருந்தது, மாலைக்குள் நமத்துப் போய்விட்டதே, ஏன் தம்பி?” என்பார் ஒருவர். “எனக்குக் கல் மாதிரி வருகிறது” என்பார் அடுத்தவர்.

இரண்டு புகாருக்கும் காரணம் ஈரம்தான். மாவுக்குள் எவ்வளவு ஈரம் போகிறது, ஓவனில் எவ்வளவு வெளியேறுகிறது, ஆறிய பிறகு எவ்வளவு திரும்பி வருகிறது? இந்தக் கணக்குப் பிடிபட்டால் ஒரே மாவிலிருந்து இரண்டு பதத்திலும் பிஸ்கட் சுடலாம்.

எங்கள் வீட்டில் இரண்டும் தேவை. அப்பாவுக்குப் பல்செட். பிஸ்கட் கடினமாக இருந்தால் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவார். விருந்தினர் முன்னிலையில் தட்டைத் தொடவே மாட்டார், “வயிறு நிறைந்துவிட்டது” என்று சொல்லிவிடுவார். என் மகளுக்கோ, கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். தீபாவளி நேரத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கை நான் பழகினேன்.

தேவையானவை (ஏறக்குறைய 25 பிஸ்கட்டுக்கு)

ரோல்ட் ஓட்ஸ் 150 கிராம்
மைதா மாவு 120 கிராம்
வெண்ணெய் 120 கிராம்
வெள்ளைச் சீனி 50 கிராம்
பழுப்புச் சீனி 50 கிராம்
கோல்டன் சிரப் 1 மேசைக்கரண்டி
பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி
வெந்நீர் 1 மேசைக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

இதில் முட்டை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏப்ரல் 25ஆம் தேதி அன்சாக் தினத்தையொட்டிச் சுடும் பிஸ்கட்டும் இதே வகைதான். நம் வீடுகளில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மாவு பிசைவது

வெண்ணெய், இரு வகைச் சீனி, கோல்டன் சிரப் மூன்றையும் சிறு தீயில் உருக்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் வெண்ணெய் மேசையில் வைத்த சிறிது நேரத்திலேயே இளகிவிடும் என்பதால், அடித்து நுரைக்க வைப்பதைவிட உருக்குவது எளிது. பேக்கிங் சோடாவை வெந்நீரில் கரைத்து அதில் ஊற்றினால் கலவை பொங்கும். உடனே ஓட்ஸ், மைதா, உப்பில் கொட்டிக் கிளறுங்கள்.

அடுத்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாவை மூடி 20 நிமிடம் அப்படியே வையுங்கள். ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தானியம். அதற்கு நேரம் கொடுத்தால் மாவு இறுகும். தட்டில் எண்ணெய் வழிந்து பரவாது. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் பொடிசாக இருப்பதால் ஈரத்தை விரைவாகக் குடித்து, பிஸ்கட்டை மாவுப் பண்டம்போல் ஆக்கிவிடும். மெல்லும்போது வாயில் தானியம் தெரிய வேண்டுமென்றால் ரோல்ட் ஓட்ஸ்தான் சரி.

சீனி செய்யும் வேலை

சீனி இனிப்புக்கு மட்டும் அல்ல. வெள்ளைச் சீனி சூட்டில் உருகி, ஆறும்போது இறுகி, மொறுமொறுப்பைத் தருகிறது. பழுப்புச் சீனியில் இருக்கும் கரும்புச் சாற்றுப் பாகு ஈரத்தைப் பிடித்துவைத்து மென்மை தருகிறது. கோல்டன் சிரப்பும் அப்படியே. பழுப்புச் சீனிக்குப் பதில் குலா மெலாக்கா சீவிப் போட்டால் மணம் அருமை. ஆனால் பிஸ்கட் இன்னும் மென்மையாகிவிடும்.

ஓவனில் பிரியும் வழி

மாவை 20 கிராம் உருண்டைகளாக்கி இரண்டு பங்காகப் பிரியுங்கள்.

மொறுமொறுப்புக்கு: உருண்டையை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். 160 பாகை செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். மிதமான சூட்டில் நிதானமாகச் சுட்டால்தான் நடுப்பகுதியின் ஈரமும் வெளியேறும்.

மென்மைக்கு: ஒரு சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். 175 பாகையில் 10 முதல் 11 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி வெளிறி இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

விசிறி உள்ள ஓவன் என்றால் 20 பாகை குறையுங்கள். சிறிய ஓவன்களில் பின்பக்கம் சூடு அதிகமாக இருக்கும். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் இரண்டு வகையுமே தொட்டால் அமுங்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். கல் மாதிரி வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். சூடான சீனி இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான். தட்டிலேயே 5 நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். அடியிலும் காற்றுப் போனால்தான் ஆவி தங்காது.

ஒலியை வைத்துப் பிழைப்பவன் என்பதால் நான் காதால் பதம் பார்ப்பேன். நன்கு ஆறிய பிஸ்கட்டை உடைத்தால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். சத்தமின்றி வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

டின்னில் அடைப்பது

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். மேசையில் திறந்து கிடக்கும் பிஸ்கட் அந்த ஈரத்தை இழுக்கும். முழுவதும் ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமக்க வைத்துவிடும்.

இரண்டு வகைக்கும் தனித்தனி டின் வேண்டும். ஒன்றாகப் போட்டால் மென்மையானதின் ஈரம் மொறுமொறுப்பானதுக்குப் போய்விடும். நமத்தவற்றை 150 பாகையில் 5 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுக்கும். மென்மையானவை இறுகினால் டின்னில் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டு ஓர் இரவு வையுங்கள்; மறுநாள் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

“ஓட்ஸ்தானே!”

அப்பாவுக்கு நீரிழிவும் உண்டு. “ஓட்ஸ்தானே, உடம்புக்கு நல்லது” என்று சொல்லிக்கொண்டே நான்காவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டுவார். ஓட்ஸில் நார்ச்சத்து இருப்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன அளவில் ஒவ்வொரு பிஸ்கட்டிலும் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் இருக்கின்றன. நான்கு சாப்பிட்டால் நான்கு தேக்கரண்டி சீனி.

வெள்ளைச் சீனியை 25 கிராமாகக் குறைக்கலாம். பதம் அதிகம் மாறாது. அதற்கும் கீழே போனால் பிஸ்கட் பரவாமல், வறண்டு உதிரும். அதனால் சீனியை மேலும் குறைப்பதைவிட, உருண்டையை 10 கிராமாகச் சிறிதாக்குவது நல்லது. வேகும் நேரத்தில் இரண்டு மூன்று நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் டின்னில் இப்போது இந்தச் சிறிய பிஸ்கட்தான். இரண்டு எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். அவருக்கும் மனக்குறை இல்லை.

ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு விதம். முதல் முறை ஒவ்வொரு வகையிலும் மூன்று பிஸ்கட் மட்டும் சுட்டுப் பார்த்து, சரியாக வந்த நிமிடத்தைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மீதி மாவு அதுவரை காத்திருக்கும்.