வேலியையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்

கிங்ஸ்பரி என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவன சுரங்க ரயில் நிலையமும், அதனை அண்டிய மரக்கறிக் கடைகளும், பிள்ளைகளின் பாடசாலைகளுமே. விடுமுறை நாளில் உல்லாசப் பயணம் என்றால் கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்கு வான் பிடித்துப் போவதே வழக்கம். ஆனால் ரயில் நிலையத்தில் இருந்து மேற்கே சிறிது தூரம் நடந்து, சுற்றுவட்டத்தில் ஃபிரையன்ட் வே என்னும் வீதியில் தெற்கு நோக்கித் திரும்பினால், வீடுகள் முடிந்து வீதியின் இருமருங்கிலும் புல்வயல்களும் பற்றை வேலிகளும் சிறு குளங்களுமாக ஒரு நாட்டுப்புறம் விரிந்து கிடக்கிறது. ஃபிரையன்ட் கன்ட்ரி பார்க் எனப்படும் அந்நிலம் ஏறத்தாழ 103 ஹெக்டயர். எமது கணக்கில் நாலாயிரம் பரப்புக்கு மேல். இலண்டன் மாநகரின் உள்ளே இப்படியும் ஓர் இடம் உண்டு என்பதைப் பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் அறியாத குடும்பங்கள் உள.

அங்கு செல்பவர்கள் கமராவோடு, இல்லையேல் கைத்தொலைபேசியோடு செல்ல வேண்டும் என்பதையும், சென்றபின் எதைப் படமெடுக்க வேண்டும் என்பதையும் பற்றியே எழுதப் புகுந்தோம்.

எம்மவர் இல்லங்களில் உள்ள அல்பங்களைப் புரட்டினால் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, திருமணம் என மனிதர்களே நிறைந்திருப்பர். வந்த புதிதில், எவருடையதோ காரில் சாய்ந்து நின்று எடுத்து ஊருக்கு அனுப்பிய படங்களும் ஓரிரண்டு இருக்கும்! ஊரிலும் இதுவே நிலைமை. ஸ்டூடியோவில் வண்ணத்திரைச் சீலைக்கு முன்னால் குடும்பமாக நிற்போம். படலைக்கு வெளியே உள்ள ஒழுங்கையை எவரும் எடுக்கவில்லை. ஒரு சுருளில் 36 படங்களே கிடைத்த காலத்தில், அதில் ஒன்றைக் கிடுகு வேலிக்கும் துலாக் கிணற்றுக்கும் செலவிட எவர்தான் துணிவார்? தினமும் காண்பது என்றும் இருக்கும் என்பதே எல்லோரது எண்ணமாகவும் இருந்தது.

அந்த எண்ணம் என்னவாயிற்று என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலும் இருந்தும் வெளியேறிய மக்களில் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் சிலரே. 2009இன் பின்னர் உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்றவர்கள் பல இடங்களில் கண்டது பற்றைக்காட்டையே. வீடு தரைமட்டம், வேலி இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது. கையில் உள்ள உறுதியில் காணியின் பெயரும் அளவும் உண்டு. ஆனால் அந்தப் பெயர் எந்தப் பூவரச மரத்தடியில் தொடங்கி எந்தப் பனையடியில் முடிந்தது என்று காட்டுவதற்கு எதுவும் இல்லை. அவ்வேளையில், கலியாணப் படமொன்றின் ஓரத்தில் தற்செயலாக விழுந்த கிணற்றுக்கட்டும் பொன்னாகிவிடும்.

இனிக் கிங்ஸ்பரிக்கு வருவோம். இங்குள்ள காணிகளில் பெரும்பகுதி ஒக்ஸ்பேர்ட் பல்கலைக்கழகத்தின் ஓல் சோல்ஸ் கல்லூரிக்கு உரித்தாயிருந்தது. அக்கல்லூரியின் தலைவராயிருந்த ரொபேட் ஹொவென்டன் என்பவர் தமது காணிகளை அளப்பித்து வரைபடங்களாக்கினார். 1597ஆம் ஆண்டின் கிங்ஸ்பரி வரைபடத்தில் வயல்கள் ஒவ்வொன்றும் தத்தம் பெயரோடும் எல்லை வேலியோடும் குறிக்கப்பட்டுள்ளன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எமது காணிகளைத் தோம்பேட்டில் பதிந்தது போன்றதே இது. வரி, குத்தகை என்னும் நோக்கமும் ஒன்றே. ஆயினும் வியப்பு யாதெனில், நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் இப்பூங்காவின் பற்றை வேலிகளிற் பல அவ்வரைபடத்தில் உள்ள அதே கோட்டிலேயே நிற்கின்றன. 1920களிலும் 1930களிலும் சுற்றியிருந்த பண்ணைகள் யாவும் வீடுகளாக மாறியபோது, கவுன்டி சபை இந்நிலத்தை வாங்கியதால் இது தப்பியது. கொட்ஃபோர்ட்ஸ் ஹில் என்னும் மேட்டில் நின்று பார்ப்பவர்களுக்கு வயலுக்கு வயல் வேலி பிரிந்து செல்வது தெளிவாகத் தெரியும். பிள்ளைகளை முன்னே நிறுத்தாமல், அந்த வேலிகளை மாத்திரம் ஒருமுறை படமெடுத்துப் பாருங்கள்.

பூங்காவின் தெற்கே உயர்ந்து நிற்பது பாண் ஹில். வெம்பிளிப் பகுதியின் நிலக்கிழாரான றிச்சேட் பேஜ் 1793இல் ஹம்ப்றி றெப்டன் என்னும் புகழ்பெற்ற தோட்டக் கலைஞரை அழைத்து இக்குன்றையும் சேர்த்து அழகுபடுத்துவித்தார். றெப்டனிடம் ஒரு வழக்கம் இருந்தது. தம்மை அழைப்பவர்களின் நிலத்தை நீர்வர்ணத்தில் வரைந்து, அதன்மீது மடித்துத் திறக்கக்கூடிய துண்டொன்றை ஒட்டிக் கொடுப்பார். மூடியிருக்கையில் நிலம் இன்றிருக்கும் கோலம். துண்டைத் தூக்கினால் நாளை இருக்கப்போகும் கோலம். கமரா இல்லாத காலத்து உத்தி இது. இதனை எம்மவரும் வேறு வகையிற் கையாளலாம்: ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம்.

பாண் ஹில்லின் உச்சியில் ஒரு குளமும், அங்கிருந்து பார்த்தால் வெம்பிளி மைதானமும் தெரியும். தொண்ணூறுகளில் அக்குன்றில் ஏறிப் படமெடுத்த குடும்பங்கள் எம்மிடையே உண்டல்லவா? அப்படங்களைத் தேடி எடுங்கள். பின்னணியில் இரண்டு வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்தால் பத்திரப்படுத்துங்கள். 1923இல் திறக்கப்பட்ட அம்மைதானத்தின் இரட்டைக் கோபுரங்கள் 2003இல் இடிக்கப்பட்டுவிட்டன. 2007 முதல் அங்கே நிற்பது 133 மீற்றர் உயர வளைவுடன் கூடிய புதிய மைதானம். 1924இல் அவ்வளாகத்தில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் கண்டியக் கட்டிடப் பாணியில் இலங்கைக்கெனவும் ஒரு மண்டபம் இருந்தது. அதுவும் படங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது.

கலையும் வரலாறும் தேடுவோர் ஓல்ட் சேர்ச் லேனுக்குச் செல்ல வேண்டும். ஒரே வளவில் புனித அந்திரேயர் பெயரில் இரு தேவாலயங்கள் நிற்கின்றன. சிறியது மத்திய காலத்தது. அருகே ஓங்கி நிற்கும் பெரியதோ இவ்வூரிற் பிறந்ததன்று! 1847இல் மத்திய இலண்டனின் வெல்ஸ் வீதியில் கட்டப்பட்ட அது, அங்கு வழிபடுவோர் அருகியதால், 1933-34இல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு இங்கு கொணர்ந்து மீளக் கட்டப்பட்டது. பியூஜின், பேர்ஜஸ், ஸ்ட்ரீட் போன்ற கட்டிடக் கலைஞர்கள் அதற்கென ஆக்கிய உள் வேலைப்பாடுகளும் கூடவே வந்தன. இடம்பெயர்ந்தும் தன் முகம் மாறாத கட்டிடம் ஒன்றை எமது பிள்ளைகள் பார்த்திருப்பது நல்லது. உள்ளே படமெடுக்குமுன் அனுமதி கேட்பது முறை.

பக் லேன் பக்கம் நடந்தால், ஏர்னஸ்ட் ட்றோபிறிட்ஜ் என்னும் கட்டிடக் கலைஞர் முதலாம் உலகப் போரின் பின் எல்ம் மரத்தாற் கட்டிய கூரை வேய்ந்த வீடுகளையும், அவரே பின்னர் கோட்டை வடிவில் அமைத்த மாடிக் குடியிருப்புகளையும் காணலாம். அவை பிறர் வாழும் வீடுகள். வீதியில் நின்று எடுப்பதோடு அமைதல் வேண்டும். நிலையத்திற்குக் கிழக்கேயுள்ள றோ கிறீன் பூங்காவில், தொண்டர்கள் பேணும் மதில் சூழ்ந்த தோட்டமொன்று உண்டு. தொலைக்காட்சியின் முன்னோடி ஜோன் லோகி பெயர்ட் 1929இல் பேர்லினில் இருந்து வந்த அலைகளைப் பெற்றதும் இப்பூங்காவிலேதான்.

படமெடுப்பதில் சில நடைமுறைகள். உச்சி வெயில் புல்வெளியைத் தட்டையாக்கிவிடும். காலையிலோ, கோடையில் ஏழு மணிக்குப் பின்னரோ எடுத்தால் வேலியின் நிழல் நீண்டு, நிலத்தின் மேடு பள்ளம் துலங்கும். குழந்தைகளிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து அவர்களையே எடுக்கவிடுங்கள். எமது கண்ணுக்குத் தப்பியது அவர்கள் உயரத்தில் தெரியும். கருவி திகதியைத் தானே பதியும். ஊர்ப் பெயரையும் ஆட்பெயரையும் அது அறியாது. ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் கடதாசியில் அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எங்கே, எப்போது, யார் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா படத்தின் மறுபுறத்தில் வடுவை ஏற்படுத்தும்.

ஊரில் எடுத்த பழைய படம் எதுவாயினும் கைவசம் இருப்பின், அதன் பிரதியை 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்திற்கு வழங்கலாம். கிங்ஸ்பரிப் படங்களுக்கு வில்ஸ்டன் கிறீன் நூலகத்திலுள்ள பிரென்ட் ஆவணக் காப்பகம் பொருத்தமான இடம்.

ஃபிரையன்ட் பூங்காவின் புல்வயல்கள் கோடையிற் புல்லறுப்பு நடைபெறும் வரையே இடுப்பளவு உயர்ந்து நிற்கும்; ஆகவே ஜூன் மாதத்தில் ஒரு முறை செல்லுங்கள். ஓகஸ்ட் பிற்பகுதியில் மறுபடி சென்றால் வேலியெங்கும் கறுப்புப் பெரிப் பழங்கள் கனிந்திருக்கும். ஒரு போத்தல் தண்ணீரும், பழம் பறிக்க ஒரு பாத்திரமும், முட்கீறலுக்கு அஞ்சாத நீளக்கைச் சட்டையும் போதும்.