உடுப்பும் ஒளியும் – 9: குறிஞ்சி நிலத்தில் ஒரு படப்பிடிப்பு

ஆடை வடிவமைப்புப் பயிலும் மாணாக்கர்கள் ஆண்டிறுதியில் தங்கள் கைவண்ணத்தை மேடையேற்றுமுன், அவ்வுடுப்புகளுக்கென ஒரு கருத்தை வகுத்துக்கொண்டு, அதற்கிசைந்த இடம் தேடிச் சென்று புகைப்படம் எடுத்துவருகிற வழக்கம் இன்று கல்லூரிகள்தோறும் வேரூன்றிவிட்டது. அப்படங்களுக்கு வேண்டிய காமிரா, விளக்கு முதலான சாதனங்களைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். அவற்றினும் பிரதானமானது, கிரியேட்டிவ் டைரக்டர், அதாவது நெறியாளர், என்று தங்களுள் ஒருவரைத் தேர்ந்து அவரிடம் மாணாக்கர்கள் ஒப்படைக்கிற பொறுப்பு. அப்பொறுப்பின் தன்மையைக் கொல்லிமலையின் குண்டனி நாட்டை முன்னிறுத்தி இவ்வாரம் ஆராய்வோம்.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேலே விரிகிற அம்மலையில் ‘நாடு’ என்ற பெயரோடு விளங்கும் ஊராட்சிகளுள் ஒன்று குண்டனி நாடு. தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிற மலையாளிப் பழங்குடியினர் வாழும் பூமி அது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும், கண்டாரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை உறைந்த மலை என்றும் சங்கப் புலவர்களால் போற்றப்பட்ட இம்மலைக்கு, ‘பின்னணி அழகாயிருக்கிறது’ என்ற ஒரே காரணத்துக்காகக் காமிராவைத் தூக்கிக்கொண்டு வருவது போதுமா என்பதே நம் வினா.

இவ்வினாவுக்கு விடைகாண மேனாட்டுச் சஞ்சிகைகளைப் புரட்டவேண்டிய அவசியமில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள் என்றும், அவற்றினூடே நிகழும் மனித உள்ளத்தின் ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் பகுத்து, இம்மூன்றும் ஒன்றினொன்று முறையே சிறந்தவை என்று தொல்காப்பியம் நிறுத்தியதைக் காட்டிலும் தெளிவான ஒரு படைப்பு நெறியை நான் வேறெங்கும் கண்டதில்லை. மூட் போர்டு என்று சொல்லித் துணித்துண்டுகளையும் வர்ணத் தாள்களையும் பழைய படங்களையும் பலகையில் ஒட்டுகிற மாணவி, பெரும்பாலும் முதலையும் கருவையும் சேகரித்துவிட்டு, உரிப்பொருளைத் தேடாமலே புறப்பட்டுவிடுகிறாள். அதனால்தான் அத்தனை படங்களும் கண்ணைக் கவர்ந்தும் நெஞ்சில் தங்காமற் போகின்றன.

முதற்பொருளை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகிய கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி தொடங்கித் தை வரையிலான மாதங்கள், கொல்லிமலையில் மூடுபனி இறங்கும் காலம். அப்பனி சூரியனுக்கும் மாடலுக்கும் இடையே விரித்த மெல்லிய துணிபோல் நின்று, முகத்தின் கடுநிழல்களைக் கரைத்து, சேலையின் நெசவை இழை இழையாகக் காட்டுகிறது. ஆயினும் அதே பனி காமிராவின் ஒளிமானியை ஏமாற்றி வெண்மையைச் சாம்பலாக்குவதால், அது காட்டும் அளவுக்கு ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளியை அனுமதித்தாலன்றிப் படம் மங்கிவிடும். நிழலின் நீலம் வெள்ளைத் துணியில் ஏறும். வெள்ளைச் சேலை பனியோடு கரையும். அரக்கும் மஞ்சளும் மட்டுமே எதிர்த்து நிற்கும். ஆகவே ஆடையின் வர்ணத்தைத் தீர்மானிக்கும்போதே மலையின் பருவத்தையும் தீர்மானித்துவிடுவது நெறியாளரின் முதற்கடமை.

கருப்பொருளுக்குக் குண்டனி நாட்டில் பஞ்சமில்லை. சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறுகிற மிளகுக் கொடியிலிருந்து பறித்த சரங்களை உதிர்த்து வெயிலில் பரப்பினால், பச்சை முதலில் பழுப்பாகி, தோல் சுருங்கி, சில நாட்களில் கருமையடைகிறது. அந்த ஒரு பரப்பில் ஆடை வரிசை முழுவதற்கும் வேண்டிய வர்ணக் கிரமம் இருக்கிறது. முதல் உடுப்பு பச்சை, கடைசி உடுப்பு சுருக்கங்கள் நெய்த கறுப்பு என்று அமைத்தால், மிளகின் பரிணாமமே மேடையில் நடந்துவரும். ஆனால் இதுவும் அலங்காரமே.

உரிப்பொருள் என்னவென்று ஒரு மாணவர் கண்டுகொண்டால் என்ன நிகழும் என்பதற்கு லண்டன் நகரத்துச் செய்தி ஒன்று சான்று. 1984-இல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியின் பட்டமளிப்புக் காட்சியில் ஜான் காலியானோ என்ற மாணவர், பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சி ஓய்ந்தபின் பாரிஸ் வீதிகளில் விசித்திரமாக உடுத்தித் திரிந்த வாலிபர்களைக் கருவாகக் கொண்டு உடுப்புகளை அமைத்தார். நேஷனல் தியேட்டரில் நடிகர்களுக்கு ஆடை உடுத்திவிடும் வேலை பார்த்தவராதலால், உடுப்பை அணிந்தவனின் மனோநிலையோடு சேர்த்தே அதைப் பார்க்கப் பழகியிருந்தார். மரணத்தின் வாயிலிருந்து தப்பியவனின் அகங்காரமும் ஆனந்தமும் அந்த அங்கிகளில் இருந்தன. பிரௌன்ஸ் என்ற கடை அத்தொகுதி முழுவதையும் வாங்கித் தன் கண்ணாடிச் சாளரத்தில் வைத்தது.

குண்டனி நாட்டுக்கு உரிய உணர்வு எது? சங்கச் செய்யுட்களில் குறிஞ்சித் தலைவி தினைப்புனம் காக்கிறாள். பரணில் அமர்ந்து கிளி ஓட்டுகிறாள். கொல்லிமலையிலோ தினையும் சாமையும் விளைந்த புனங்கள் பலவற்றைப் பல ஆண்டுகளாக மரவள்ளி பிடித்துக்கொண்டது. அடிவாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் காத்திருக்கின்றன. கையில் காசு வேண்டிய குடும்பங்கள் அவற்றை நோக்கித் திரும்பியதில் குற்றம் காண இயலாது. எஞ்சிய சிறுதானிய விதைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து நெடுங்காலம் உழைத்திருக்கிறது. மரவள்ளிக்குக் கிளி வருவதில்லை, காவற்பரணும் வேண்டியதில்லை. காக்க ஒன்றுமில்லாத புனத்தில் நிற்கிற பெண்ணின் உள்ளம், குறிஞ்சி நிலத்தில் நெய்தலின் இரங்கலைக் கொண்டது. திணைமயக்கமாகிய இவ்வுணர்வை உடுப்பாகவும் நிற்கும் நிலையாகவும் பார்வையாகவும் மாற்றத் துணிகிற மாணவிக்குப் பெரிய செட்டும் தேவையில்லை, விலையுயர்ந்த லென்ஸும் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மலைமக்களைப் படமெடுப்பதற்கு நம் நாட்டில் ஒரு பழைய, வேதனையான சரித்திரம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற நூலில், மனிதரின் மண்டையும் மூக்கும் அளக்கப்பட்டு அட்டவணைகளாயின. படங்களில் நின்றவர்கள் மாதிரிகளாயினர். இதற்கு ஒரு கலைஞர் அளித்த மறுமொழி, பெங்களூரின் புஷ்பமாலா 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து அமைத்த படத்தொகுதி. அதில் அவர் ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாகவும், சினிமா நாயகியாகவும், கட்டம் போட்ட திரைக்கு முன் அளவுகோல்களோடு நிறுத்தப்பட்ட பழங்குடிப் பெண்ணாகவும் தாமே வேடம் புனைந்து நின்றார். உடையும் திரையும் விளக்கும் கொண்டு ஒரு பெண் எவ்வாறு ‘வகை’யாக ஆக்கப்படுகிறாள் என்பதை அவ்வலங்காரமே அம்பலப்படுத்தியது. கருத்தமைந்த படப்பிடிப்பு என்ற கலை எவ்வளவு ஆழம் போகவல்லது என்பதற்கு, மாணாக்கர்கள் முதலில் பயிலவேண்டிய பாடம் இதுவே.

ஆதலால் குண்டனி நாட்டுக்குப் போகிற குழு, மூதாட்டி ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து, அவருக்கருகே பட்டுடுத்திய மாடலை நிறுத்தி, ‘பழமையும் புதுமையும்’ என்று தலைப்பிடுவதைத் தவிர்க்கவேண்டும். அவர் படத்தில் இடம்பெறத்தான் வேண்டுமெனில், “பாட்டி, இந்தப் படம் எங்கே வரும், எதற்காக எடுக்கிறோம்” என்று முன்கூட்டியே விளக்கி, அவர் சம்மதித்தபின், மாடலுக்குப் போலவே அவருக்கும் கூலி கொடுத்து, அவர் விரும்பினால் காட்சியின் மலரில் மாடலின் பெயருக்கு இணையாக அவர் பெயரையும் அச்சிடவேண்டும். களத்தில் தினை நிற்குமானால் அதை மிதித்துப் படமெடுக்க எந்தக் கருத்துக்கும் உரிமையில்லை.

இத்தனையும் செய்தபின் மேடையில் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். படங்களில் பதிந்த உணர்வு அங்கே நடையாகவேண்டும். புனத்தில் மெல்ல நின்று பார்த்த பெண்ணை, மேடையில் பலத்த தாளத்துக்கு விரைந்து நடக்கவிட்டால் முழு உழைப்பும் வீணாகும். சுவரில் வீழ்த்துகிற படமும், பாட்டும், நடையின் வேகமும், முடிவில் அனைவரும் அணிவகுக்கிற முறையும் ஒரே உரிப்பொருளுக்குக் கட்டுப்பட்டிருக்கவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைத் தன் குழுவினர்மீது அதிகாரத்தால் சுமத்தாமல், எல்லோருக்கும் அந்த உணர்வை உண்மையாக விளங்கச்செய்து பெறுகிறவரையே நான் நெறியாளர் என்று மதிப்பேன்.

அடுத்த இதழில் மலையை விட்டு இறங்கி, இவ்வுடுப்புகளுக்குத் துணி கொடுக்கிற சேலத்துத் தறிகளை நாடுவோம்.