கடை உரம் இல்லாமல் சேனை

சேனைக்கிழங்கு நமக்குத் தெரிந்த கிழங்கு. கடை உரம் போடாவிட்டால் விளைச்சல் குறையுமா? பலருக்கு இந்தப் பயம் உண்டு.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீகார்யம் என்ற இடம் இருக்கிறது. அங்கே மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1963-ல் தொடங்கியது. 2004 முதல் 2009 வரை அங்கே ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியில் கடை உரம் போட்டார்கள். இன்னொரு பகுதியில் இயற்கை உரம் போட்டார்கள். இயற்கை உரத்தில் விளைச்சல் குறையவில்லை. ஐந்தில் ஒரு பங்கு கூடியது!

என்ன செய்தார்கள்? நிலத்தில் தட்டைப்பயறு விதைத்தார்கள். ஒரு சென்டுக்கு 80 கிராம் விதை. 45 முதல் 60 நாளில் பச்சைச் செடியை மண்ணில் புதைத்தார்கள். ஏன்? பயற்றின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவை காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். செடி மட்கினால் அந்தச் சத்து சேனைக்குக் கிடைக்கும்.

சென்டுக்கு 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போட்டார்கள். 12 கிலோ சாம்பல் போட்டார்கள். மட்கிய சாணமும் இட்டார்கள். சாணத்தில் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கலந்தார்கள். அது தண்டின் அடி அழுகும் நோயைக் குறைக்கும்.

சாணம் சென்டுக்குச் சுமார் 145 கிலோ வேண்டும். மாடு இல்லாதவருக்கு இது செலவுதான். ஆகவே முதலில் இரண்டு சென்டில் செய்து பாருங்கள். போட்ட செலவையும், வெட்டிய கிழங்கின் எடையையும் நோட்டில் எழுதுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியுமே! அந்தக் கணக்கைப் பக்கத்து வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.